இரண்டாம் பிரதிவாதி

முதன்முதலில் நீதிமன்றத்துக்குப் போன அன்று கோழியம்மா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். யாரும் கழற்றச் சொல்லவில்லை. அத்தனை பெரிய தூண்களையும் அத்தனை கறுப்பு அங்கிகளையும் பார்த்ததும் கால் தானாகக் கழற்றிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் செருப்பைக் காணோம். வாசல் காவலரிடம் கேட்டாள்.

"காணாமப் போனது வெளியிலம்மா. வெளிய நடக்கிறத நாங்க பாக்கிறதில்ல. நாங்க உள்ள பாத்துக்கிட்டுதான் நிப்போம்," என்றார் அவர், உள்ளே பார்த்தபடியே.

இந்த இடத்தில் நீதி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது அன்றைக்கே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. பக்கத்தில் அவளுடைய அக்கா மகன் வக்கீல் அங்கியோடு நின்றுகொண்டிருந்தான். அவன் பக்கத்தில் நிற்கும்போது அவளுக்கு எதன்மேலும் சந்தேகம் வந்ததில்லை.

கோழியம்மா என்பது ஊர் வைத்த பெயர். ஊர்க்கோடியில் தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கட்டடத்தில் அவள் கோழிக்குஞ்சு பொரிப்பகம் நடத்திவந்தாள். பண்ணைகளிலிருந்து முட்டை வரும். இன்குபேட்டர் தட்டுகளில் அடுக்குவாள். மூன்று வாரத்தில் மஞ்சள் மஞ்சளாகக் குஞ்சுகள் வெளியே வந்து, கட்டடம் முழுக்க ஒரே கீச்சுக்கீச்சாக இருக்கும். அவளுடைய கணவர் அவற்றை அட்டைப் பெட்டிகளில் போட்டு வேனில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவார். அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் எதிரே இருப்பவர் சிரிப்பதா கோபப்படுவதா என்று கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டியிருக்கும்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அக்கா நோயில் போய்ச் சேர்ந்தபோது, பள்ளிக்கூடப் பையோடு வந்து சேர்ந்தவன்தான் அக்கா மகன். முட்டைகளை விளக்கொளியில் பிடித்துப் பார்த்து, கரு பிடிக்காதவற்றைத் தனியே எடுத்து வைப்பாள். அதெல்லாம் அவனுக்குத்தான். அவிந்தும் பொரிந்தும் அவன் வயிற்றுக்குள் போன அத்தனை முட்டையும் சேர்ந்து கடைசியில் ஒரு வக்கீலாகக் குஞ்சு பொரித்தது என்று கணவர் சொல்வார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் பெருமை தெரியும்.

அந்தக் கோடையில் வெயில் ஒரு மாதிரியாகத்தான் ஆரம்பித்தது. காலையில் எழுந்து கதவைத் திறந்தால் யாரோ அடுப்பை ஊதி முகத்தில் விட்டதுபோல் இருந்தது. ஊரில் ஏசி வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டார்கள். மின்சாரம் போயிற்று. பொரிப்பகத்தின் மின்விசிறிகள் நின்றன. ஜெனரேட்டர் கொஞ்ச நேரம் இருமிவிட்டு அதுவும் சூடேறி நின்றது. கோழியம்மா சாக்குகளை நனைத்து ஜன்னல்களில் தொங்கவிட்டாள். கூரையில் தண்ணீர் அடித்தாள். தண்ணீர் கூரையில் பட்டதும் 'உஸ்' என்றது. அன்று காலைதான் வெளிவந்த குஞ்சுகள் இறக்கையை விரித்து, அலகைத் திறந்து, மேல்மூச்சு வாங்கின. அவள் அவற்றைப் பெட்டி பெட்டியாகத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினாள். மரத்தடியும் அப்படித்தான் இருந்தது. மத்தியானம் தாண்டியதும் கீச்சுச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பிறகு நின்றுபோயிற்று.

கணவர் பின்பக்கம் குழி வெட்டினார். அக்கா மகன் தகவல் கேட்டு ஓடிவந்தான். குழியோரம் நின்று, வெள்ளைச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்த சித்தியின் பக்கத்தில் வந்து அவனும் தரையில் உட்கார்ந்தான்.

"எல்லாம் என் தலையெழுத்துடா கண்ணா," என்றாள் கோழியம்மா.

"தலையெழுத்தும் இல்ல, கையெழுத்தும் இல்ல சித்தி. இது ஒரு கம்பெனி பண்ணினது," என்றான் அவன்.

பிறகு விளக்கினான். எண்ணெயும் கரியும் தோண்டி விற்கிற ஒரு பெரிய கம்பெனி. அது எரித்த புகையும் அதனிடம் வாங்கி ஊரார் எரித்த புகையும் வானத்தில் போய்ப் போர்வைபோல் படிந்துவிட்டது. பூமி போர்வைக்குள் புழுங்குகிறது. இப்படி ஆகும் என்று அந்தக் கம்பெனிக்கு ரொம்ப காலமாகவே தெரியும். உலகத்தில் பல இடங்களில் இந்த மாதிரிக் கம்பெனிகள்மேல் வழக்குப் போட ஆரம்பித்திருக்கிறார்கள்.

"நாமளும் போடுவோம் சித்தி. ஜெயிச்சா உலகமே திரும்பிப் பாக்கும்."

"உலகம் எதுக்குப் பாக்கணும்? அந்தக் கம்பெனிக்காரங்க யாராவது ஒருத்தர் வந்து இந்தக் குழியப் பாத்துட்டு, ஆமாம்மா, எங்களாலதான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"வர்றதுக்கு நம்ம வேன அனுப்பட்டுமா?" என்றார் கணவர்.

வழக்குப் போட்டார்கள்.

நீதிமன்ற அறையில் ஏசி இருந்தது. ஆனால் அது நீதிபதியின் மேடையைப் பார்த்து மட்டுமே வீசியது. மேடைமேல் நீதிபதி சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடைக்குக் கீழே இருந்தவர்கள் வழக்குத் தாள்களால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

"வெப்பம் அதிகரித்திருக்கிறது என்கிறீர்கள். அதை நீதிமன்றம் நேரடியாக உணர முடியவில்லை. தக்க சாட்சியத்தின் மூலம் நிரூபிக்க வேண்டும்," என்றார் நீதிபதி, சால்வையைக் கழுத்துவரை இழுத்து.

கம்பெனிக்கு ஒரு மூத்த வக்கீல் வந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஆளுக்கு ஒரு தாளைப் பிடித்தபடி இளம் வக்கீல்கள் வரிசையாக நின்றார்கள். மூத்த வக்கீல் எழுந்து, கோழியம்மாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் தொடங்கினார்.

"கனம் நீதிபதி அவர்களே, முட்டை எதனால் குஞ்சு பொரிக்கிறது? வெப்பத்தால். இந்த அம்மா இத்தனை காலமும் எதை வைத்துத் தொழில் செய்தார்? வெப்பத்தை வைத்து. அந்த வெப்பத்தை மின்சாரம் செலவழித்து உண்டாக்கிக்கொண்டிருந்தார். எங்கள் கட்சிக்காரர் அதே வெப்பத்தை வானத்திலிருந்து, வீட்டு வாசலுக்கே, எந்தக் கட்டணமும் இல்லாமல் வழங்கியிருக்கிறார். இதற்கு நன்றி சொல்வதுதான் வழக்கம். வழக்குப் போடுவதை நாங்கள் இப்போதுதான் பார்க்கிறோம். வழங்கிய வெப்பத்துக்குரிய தொகையைக் கேட்டு எதிர்மனு ஒன்றும் தாக்கல் செய்கிறோம்."

நீதிபதி குறித்துக்கொண்டார். கோழியம்மா அக்கா மகனின் அங்கியை இழுத்தாள்.

"என்னடா, நாமதான் குடுக்கணும்கிறாரு?"

"பேசட்டும் சித்தி. நல்லாப் பேசட்டும். நமக்குதான் நல்லது."

அடுத்து ஒரு பேராசிரியரைக் கூண்டில் ஏற்றினார்கள். அவர் காலநிலையைப் பற்றிக் கனமான புத்தகம் எழுதியவர். அந்தப் புத்தகத்தைக் கம்பெனிதான் அச்சிட்டிருந்தது.

"காலநிலை என்பது முப்பது வருட வானிலையின் சராசரி," என்றார் பேராசிரியர். "ஒரு உயிர் காலநிலையால் பாதிக்கப்பட வேண்டுமானால், குறைந்தபட்சம் அது முப்பது வருடமாவது உயிரோடு இருக்க வேண்டும். இறந்த குஞ்சுகள் ஒரு நாள்கூட முழுதாக வாழவில்லை. ஆகவே அவை காலநிலையைச் சந்தித்திருக்கவே முடியாது. அவை சந்தித்தது வெறும் வெயில்."

"அருமையான விளக்கம்," என்றார் நீதிபதி.

அதன்பிறகு கம்பெனி இயக்குநர் வந்தார். கைகுலுக்கியே பழக்கமானவர், கூண்டில் யாரும் கை நீட்டாததால் கூண்டின் கட்டையையே ஒருமுறை குலுக்கினார். அன்றைக்கு அக்கா மகன் எழுந்து கேட்ட கேள்விகளைக் கோழியம்மா இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கும்.

"பூமி சூடாகும், கடல் மட்டம் உயரும்னு உங்க கம்பெனிக்கு முன்னாடியே தெரியுமா?"

"நன்றாகத் தெரியும். எங்கள் விஞ்ஞானிகள் திறமைசாலிகள். தெரிந்ததும் உடனே நடவடிக்கை எடுத்தோம்."

"என்ன நடவடிக்கை?"

"கடலோரத்தில் இருந்த எங்கள் தலைமையகத்தை மலைமேல் மாற்றினோம்."

"ஊருக்கு ஏன் சொல்லல?"

"நாங்கள் எதையும் மறைக்கவில்லை. கட்டடம் மலைமேல்தான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்."

"எல்லாரும் மலைக்கு வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

இயக்குநர் கொஞ்சம் யோசித்தார். "மலையில் இடம் குறைவு," என்றார்.

அறையில் எல்லோரும் இயக்குநரையே பார்த்தார்கள். விசிறிக்கொண்டிருந்த தாள்கள்கூட நின்றன. மறுநாள் செய்தித்தாளில் அக்கா மகனின் படம் வந்தது. கோழியம்மா அந்தப் பக்கத்தை வெட்டி இன்குபேட்டரின் கதவில் ஒட்டினாள். மூத்த வக்கீல் நீதிமன்றச் சிற்றுண்டிச் சாலையில் அவனைத் தோளில் தட்டி, "நல்லா வருவே தம்பி," என்று சொன்னதை வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவது குறைந்தது. போன் போட்டால், "வேலை சித்தி, அப்புறம் பேசறேன்," என்பான். கேஸ் வேலைதானே, பாவம் பிள்ளை இளைத்துப்போகிறான் என்று அவள் கவலைப்பட்டாள்.

அடுத்த விசாரணைக்குப் போனபோது அவளுடைய மேஜையில் அவன் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள். கம்பெனி மேஜையில், மூத்த வக்கீலுக்குப் பக்கத்தில், புது அங்கி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏதோ கேட்கப் போயிருக்கிறான், பேச்சு நீண்டுவிட்டது என்று நினைத்தாள். கையை அசைத்துக் கூப்பிட்டாள்.

"கண்ணா, நம்ம மேஜை இது."

அவன் ஒரு கோப்பைத் திறந்து படிக்க ஆரம்பித்தான். அவள் மறுபடியும், கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டாள். இளம் வக்கீல் ஒருவர் வந்து, குனிந்து, மெதுவாக விஷயத்தைச் சொன்னார். முதலில் அவளுக்குக் காதில் விழவில்லை. இரண்டாவது தடவை சொன்னபோது விழுந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"ஐயா, அவன் என் வக்கீலுங்க."

"இருந்தார்," என்றார் நீதிபதி. "இப்போது எதிர்த் தரப்பு. இதில் நீதிமன்றத்துக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. சொல்லப்போனால், இந்த வழக்கில் இரண்டு தரப்பு வாதங்களையும் முழுமையாக அறிந்த ஒரே வழக்கறிஞர் அவர்தான். நீதிமன்றத்தின் பொன்னான நேரம் மிச்சமாகும்."

அவளுக்கு நீதிமன்றமே ஒரு வக்கீலை நியமித்தது. அவர் காலமெல்லாம் வேலித் தகராறு பார்த்தவர். வெப்பம் எந்தப் பக்கத்து வேலியைத் தாண்டி உள்ளே வந்தது என்று அவளிடமே விசாரித்துவிட்டு, பதில் வராததால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

கோழியம்மாவைக் கூண்டில் ஏற்றினார்கள். குறுக்கு விசாரணைக்கு எழுந்தவன் அக்கா மகன்.

"சாட்சி தன் தொழிலைச் சொல்லலாம்."

"உனக்குத் தெரியாதா கண்ணா?"

"சாட்சி என்னைக் 'கண்ணா' என்று அழைத்ததைப் பதிவிலிருந்து நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

"நீக்கப்பட்டது," என்றார் நீதிபதி.

"குஞ்சுகள் இறந்த அன்று சாயங்காலம் நீங்கள் சமையலறையில் உட்கார்ந்திருந்தீர்களா?"

"ஆமா. நீயும்தானே பக்கத்துல உக்காந்திருந்த. தரையில. சட்டை அழுக்காயிடும்டா, மணை போட்டுக்கோன்னு சொன்னேனே."

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். அப்போது, குஞ்சுகள் எதனால் இறந்தன என்பது பற்றி நீங்கள் ஒரு வாக்கியம் சொன்னீர்கள். என்ன வாக்கியம்?"

கோழியம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளுடைய தலைக்கு மேலே, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் பொய் சொல்லும்போது அப்படித்தான் பார்ப்பான்.

"எல்லாம் என் தலையெழுத்துன்னு சொன்னேன்," என்றாள்.

"நன்றி."

"அதுக்கு நீ என்ன பதில் சொன்ன? அதையும் சேத்துச் சொல்லேன்."

"அது வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான ரகசியம்," என்றான் அக்கா மகன். "அதை வெளியே சொல்ல எனக்கு உரிமை இல்லை."

"அதுதான் தொழில் தர்மம்," என்று நீதிபதி தலையசைத்தார்.

பிறகு அவன் மேடையைப் பார்த்துத் திரும்பினான். குரல் கணீரென்று இருந்தது. இந்தக் குரலுக்காகத்தான் அவள் அவனைப் பேச்சுப் போட்டிகளுக்கெல்லாம் வேனில் கூட்டிக்கொண்டு போயிருந்தாள்.

"வாதி, எந்த நிர்ப்பந்தமும் இல்லாமல், தன் சொந்தச் சமையலறையில், நடந்ததற்குப் பொறுப்பு யார் என்று பெயர் சொல்லி அடையாளம் காட்டியிருக்கிறார். அந்தப் பெயர் எங்கள் கட்சிக்காரருடையது இல்லை. தலையெழுத்து! உண்மையான பொறுப்பாளியை வெளியே விட்டுவிட்டு நடக்கும் விசாரணை எப்படி முழுமையான விசாரணையாகும்?"

நீதிபதிக்கு முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருட வாழ்க்கையில் இப்படியொரு சட்டப் பிரச்சினை அவர் முன்னால் வந்ததில்லை. சால்வையை உதறிவிட்டு, வழக்கில் தலையெழுத்தை இரண்டாம் பிரதிவாதியாகச் சேர்த்து, அதற்கு அழைப்பாணை அனுப்பும்படி உத்தரவிட்டார்.

அழைப்பாணையை எடுத்துக்கொண்டு நீதிமன்ற அமீனா மொபெட்டில் பொரிப்பகத்துக்கு வந்து சேர்ந்தார். வேர்த்து விறுவிறுத்துப்போய், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்க தலையெழுத்துங்கிறது யாரும்மா?"

"எதுக்கு?"

"அழைப்பாணை குடுக்கணும். விலாசம் இப்பிடித்தான் போட்டிருக்கு. தலையெழுத்து, வாதியின் தலை, கோழிக்குஞ்சுப் பொரிப்பகம், ஊர்க்கோடி." அவர் அவளுடைய தலையைச் சங்கடமாகப் பார்த்தார். "ஆள் கையில வாங்கலன்னா ஒட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க."

"என் தலையில ஒட்டுங்க," என்று வேனுக்கடியிலிருந்து வெளியே வந்தார் கணவர். "அவளைக் கட்டிக்கிட்டது என் தலையெழுத்துதான். ஒண்ணா வாங்கிக்கிட்டதா எழுதிக்குங்க."

அத்தனை நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் கோழியம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அமீனா என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, தாளைக் கதவில் ஒட்டினார்.

"வந்தா, அடுத்த விசாரணைக்கு வரச் சொல்லிடுங்க," என்று சொல்லிவிட்டு மொபெட்டை மிதித்தார்.

அந்த நாளும் வந்தது. நீதிமன்றச் சேவகரான டவாலி வராந்தாவில் நின்று, "தலையெழுத்து! தலையெழுத்து! தலையெழுத்து!" என்று மூன்று முறை கூவினார். அங்கே வருடக்கணக்காகக் காத்துக்கிடந்தவர்களில் சிலர், தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து நின்றார்கள். அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, ஆள் வரவில்லை என்று டவாலி உள்ளே அறிவித்தார்.

நீதிபதி தீர்ப்பை வாசித்தார். பூமி சூடாகியிருப்பது உண்மை என்றார். கம்பெனியின் புகை உண்மை. அன்றைய வெயில் உண்மை. குஞ்சுகள் இறந்ததும் உண்மை. ஆனால் இந்த உண்மைகள் ஒன்றையொன்று அறிந்தவை என்பதற்குச் சாட்சியம் இல்லை. வெப்பத்துக்கான தொகை கேட்ட எதிர்மனுவைக் கம்பெனி பெருந்தன்மையோடு திரும்பப் பெற்றுக்கொண்டதை நீதிமன்றம் பாராட்டுகிறது. மலைமேல் கட்டடம் கட்டிய முன்யோசனையையும் பாராட்டுகிறது. முதல் பிரதிவாதி விடுவிக்கப்படுகிறார். இரண்டாம் பிரதிவாதியான தலையெழுத்து, முறையாக அழைத்தும் வராத காரணத்தால், முழு நஷ்டத்துக்கும் அதுவே பொறுப்பு என்று ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பளிக்கப்படுகிறது.

"இழப்பீட்டை வாதி இரண்டாம் பிரதிவாதியிடம் வசூலித்துக்கொள்ளலாம்," என்று முடித்தார். "சம்பந்தப்பட்ட தலை வாதியின் வசமே இருப்பதால், வசூலிப்பதில் சிரமம் இருக்காது."

"ஜெயிச்சிட்டோம்மா!" என்றார் வேலி வக்கீல், கண்ணைத் திறந்து.

வெளியே படிக்கட்டில் கம்பெனி ஆட்கள் கும்பலாக இறங்கினார்கள். அக்கா மகன் அவளைத் தாண்டும்போது மட்டும் ஒரு நொடி நின்று, குனிந்து, "ஞாயித்துக்கிழமை வரேன் சித்தி," என்றான்.

வந்தான். பெரிய கார், அதிலும் சத்தமே இல்லாத கார். கோழியம்மா சோறு வடித்து, முட்டை வதக்கி, அவன் தட்டில் போட்டாள். அவனாகத்தான் ஆரம்பித்தான்.

"தொழில் வேற, உறவு வேற சித்தி. நீங்க மனசுல வெச்சுக்கக் கூடாது."

"சோறு வைக்கட்டுமா?"

"வெளிய நின்னு கத்தினா ஒண்ணும் நடக்காது. உள்ள போனாதான் மாத்த முடியும். இப்பவே மாத்திக்கிட்டுதான் இருக்கேன். இனிமே அவங்க அறிக்கையில புகைங்கிற வார்த்தையே வராது."

"பின்ன?"

"வெளியீடுன்னுதான் போடணும்னு சொல்லிட்டேன்."

கணவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். மறுபடி பிசைய ஆரம்பித்தார்.

"இன்னொரு நல்ல சேதி சித்தி. கம்பெனி ஒரு விழா நடத்துது. 'வெப்பத்தை வென்ற பெண்மணி'ன்னு உங்களுக்கு விருது. நான்தான் பேசி வாங்கினேன். நீங்க மேடையில வந்து நின்னாப் போதும்."

கோழியம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இப்ப யார் சார்பா வந்து கேக்கற?"

அவன் சிரித்தான். "ரெண்டு பேர் சார்பாவும்தான்."

"அப்ப என் சார்பா நீயே அவங்ககிட்டப் போயி, சித்தி வர மாட்டாங்கன்னு சொல்லிடு."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. வாயிலிருந்ததை மென்று முழுங்கினான்.

"உங்களுக்கு என்னதான் வேணும் சித்தி?"

"அன்னைக்கே சொன்னேனே. யாராவது ஒருத்தர் வந்து அந்தக் குழியப் பாக்கணும்."

"பாத்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். கம்பெனி சட்டப் பிரிவு விடாது."

"நீ வந்து பாத்தியேடா. அங்க நின்னு அழுதியே."

அக்கா மகன் தட்டின் ஓரத்தில் விரலால் கோடு இழுத்தான். ரொம்ப நேரம் இழுத்தான்.

"அப்ப நான் உங்க வக்கீல் சித்தி," என்றான்.

கை கழுவிக்கொண்டு, சித்தப்பாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினான். கார் போன சத்தமும் கேட்கவில்லை.

கோழியம்மா பாத்திரங்களைக் கழுவினாள். அவன் தட்டு விளிம்பு கொஞ்சம் நெளிந்த தட்டு. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பசியில் ஒருநாள் அவனே கீழே போட்டு நெளித்தது. வந்த நாளிலிருந்து அது அவர்கள் இருவருடைய தட்டுகளோடு அடுப்புக்குப் பக்கத்தில்தான் இருந்து வந்தது. அதைத் துணியால் ஈரம் போகத் துடைத்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மேல் அலமாரியில், வருகிறவர் போகிறவருக்கென்று வைத்திருக்கும் தட்டுகளோடு அடுக்கினாள்.

கணவர் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரம் வந்து கேட்டான்னா?"

"எடுத்துக் குடுப்பேன்," என்றாள் அவள், ஸ்டூலிலிருந்து இறங்கியபடி. "விருந்தாளிக்குச் சோறு போட மாட்டேன்னா சொன்னேன்?"